மாமையும் பசலையும்: மேனி நலம் பேணும் நாள்வழிப் பழக்கங்கள்

ஐம்பொறிகளை எண்ணும்போது மெய், வாய், கண், மூக்கு, செவி என்று எண்ணுவது தமிழ் மரபு. தொடுவுணர்வுக்குரிய பொறியைத் தோல் என்று கூறாமல் மெய் என்றே கூறினர் நம் முன்னோர். உடலை எல்லாப் பக்கமும் போர்த்து நிற்பதனால் தோலையே உடலாகக் கண்டனர் போலும். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பியரும் உற்றறிவையே முதலாவதாக வைத்தார். கண்ணில்லாத உயிர்கள் உண்டு. செவியில்லாத உயிர்களும் உண்டு. தொடுவுணர்வே உயிர்க்கு முதல் அறிவு என்பது அவர் வகுப்பின் உட்பொருள்.

இத்துணைச் சிறப்புடைய மெய்யை இன்று நாம் எவ்வாறு பேணுகின்றோம்? மாணவர் கைப்பணத்தில் ஒரு பகுதி முகப்பூச்சுகளுக்குச் செல்கின்றது. "ஏழே நாளில் சிவப்பழகு" என்னும் விளம்பரம் வீட்டுக்குள்ளும் கைபேசிக்குள்ளும் நுழைந்துவிட்டது. தோல் நலம் என்பதும் தோல் வெளுப்பு என்பதும் ஒன்றே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்விரண்டும் வேறு வேறானவை. அதுமட்டுமன்று, வெளுப்பைத் தேடும் முயற்சியே பல வேளைகளில் நலத்தைக் கெடுக்கின்றது. இதனைத் தமிழ் மரபின் துணைகொண்டும் இன்றைய மருத்துவ அறிவின் துணைகொண்டும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாமை போற்றிய மரபு

சங்க அகப்பாடல்களைப் பயின்றோர் மாமை, பசலை என்னும் இரு சொற்களை மறக்க இயலாது. மாமை என்பது மாந்தளிரை ஒத்த நிறம். கருமையும் செம்மையும் கலந்து ஒளிர்வது. தலைவியின் இயற்கை அழகு. நார் உரித்த ஆம்பல் தண்டினையும் அதற்கு உவமையாக்குகின்றது நற்றிணை. தலைவியை மாயோள் என்று அழைப்பது அங்குப் பாராட்டாகும். பசலையோ பிரிவுத் துயரால் மேனியிற் படரும் வெளிறிய நிறம். பீர்க்கம்பூவின் மஞ்சள் நிறம் அதற்கு உவமை. திருவள்ளுவர் காமத்துப்பாலில் "பசப்புறு பருவரல்" என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். தன் மாமை அழகைப் பசலை கவர்ந்துகொண்டது என்பதே அகத்தலைவியர் பலரின் முறையீடு.

இதன் பொருள் யாது? இயல்பான நிறம் நலத்தின் அடையாளம்; வெளிறுதல் துன்பத்தின் அடையாளம் என்று நம் புலவர்கள் கண்டனர். இன்றோ நிலைமை தலைகீழாகிவிட்டது. பெண் பார்க்கச் செல்வோர் "பெண் நிறமா?" என்று கேட்கின்றனர். எல்லா மனிதர்க்கும் ஏதேனும் ஒரு நிறம் உண்டு. ஆயினும் பேச்சு வழக்கில் நிறம் என்ற சொல்லே வெளுப்பு என்று பொருள் சுருங்கிவிட்டது. "கொஞ்சம் நிறம் கம்மி" என்று ஒரு பெண்ணைக் குறித்துச் சொல்லப்படும் மூன்று சொற்கள் அவள் வாழ்நாள் முழுவதும் அவளைத் தொடர்கின்றன. நிறத்தால் ஒருவர்க்கு ஒருவர் மேன்மையில்லை என்று இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்த செய்தியை நாம் மேடைதோறும் கேட்கின்றோம். முதன்முதலில் பாங்கொலித்த பெருமை அபிசீனியக் கருநிறத்தவரான பிலால் (ரலி) அவர்களுக்கு உரியது என்பதையும் பெருமையுடன் பேசுகின்றோம். திருமணப் பேச்சு தொடங்கும்போது மட்டும் அவற்றை மறந்துவிடுகின்றோம்.

தோல் என்னும் பேருறுப்பு

தோல் வெறும் போர்வையன்று. அது உயிருள்ள ஓர் உறுப்பு. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். மேல்தோல், உள்தோல், அதன்கீழ்க் கொழுப்படுக்கு என அது மூன்று நிலைகளை உடையது. மேல்தோலின் அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, உயிரிழந்து, தட்டையாகி உதிர்கின்றன. இச்சுழற்சி ஒருமுறை நிகழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. உள்தோலில் கொல்லாஜன் என்னும் புரத நார்கள் பின்னிக் கிடக்கின்றன. தோலின் உறுதி அவற்றால் அமைவது. உடலெங்கும் 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன.

மேல்தோலின் புற அடுக்கை ஒரு செங்கற்சுவருக்கு ஒப்பிடலாம். உயிரிழந்த செல்கள் செங்கற்கள். அவற்றினிடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. இச்சுவர் சிதையாமல் இருக்கும்வரை உடலின் நீர் வெளியேறாது. கிருமிகள் எளிதில் உட்புகா. இச்சுவரின்மேல் மென்மையான அமிலத்தன்மை படர்ந்துள்ளது. அதன் அளவு ஏறத்தாழ 5 பிஎச். நாம் தேய்த்துக் குளிக்கும் சாதாரணச் சோப்போ 9 முதல் 10 பிஎச் வரை காரத்தன்மை உடையது. சோப்பு மிகுந்தால் தோல் ஏன் வறண்டு அரிக்கின்றது என்பது இதனால் விளங்கும்.

இனி, நிறம் எவ்வாறு அமைகின்றது என்பதைக் காண்போம். மேல்தோலின் அடியில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் உள்ளன. ஆப்பிரிக்கர்க்கும் ஐரோப்பியர்க்கும் நமக்கும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் நிறமித் துகள்களின் அளவும் வகையும் பரவலும்தான் வேறுபடுகின்றன. இந்நிறமி சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறுத்துகின்றது. கருநிறத்தோர் மேல்தோல் இக்கதிர்களை வெண்ணிறத்தோர் மேல்தோலைவிட மூன்று நான்கு மடங்கு தடுக்கின்றது என 1979ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று கண்டது. ஆகவே வெயில் மிகுந்த நாட்டில் பிறந்த நமக்கு இறைவன் அளித்த குடையே நம் நிறம். அக்குடையைச் சுருட்டி எறியக் காசு கொடுப்பது எவ்வகை அறிவுடைமை?

நீராட்டும் எண்ணெயும்

தோல் நலத்திற்கான பழக்கங்கள் எளியவை, செலவு குறைந்தவை. அவற்றுள் முதலாவது நீராட்டு. வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரில், குறைந்த நேரத்தில் குளித்தல் நன்று. சுடுநீரில் நெடுநேரம் குளித்தால் மேலே கூறிய சாந்து கரைந்து தோல் வறளும். சோப்பை உடல் முழுவதும் தேய்க்க வேண்டுவதில்லை. வியர்வையும் அழுக்கும் சேரும் அக்குள், இடுப்பு, பாதம் ஆகிய இடங்களுக்குத் தேய்த்தால் போதும். சோப்பு வாங்கும்போது உறையில் டிஎஃப்எம் என்று அச்சிட்டுள்ள எண்ணைப் பாருங்கள். அது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவைக் குறிப்பது. முதல்தரச் சோப்பில் அது 76 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருக்கும். பீர்க்கங்கூட்டாலும் கல்லாலும் உரசித் தேய்த்தால் நிறம் மாறாது, சுவர்தான் சிதையும்.

குளித்தபின் ஈரம் முற்றும் உலரும் முன்பே எண்ணெயோ களிம்போ மெல்லப் பூசிக்கொள்ள வேண்டும். தோலில் தங்கிய நீரை அது வெளியேறாமல் காக்கும். வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் நல்ல பயன் தருகின்றது என்பதைப் பிலிப்பைன்சு நாட்டு மருத்துவர்கள் 2004இல் ஆய்வு செய்து கூறினர். நம் பாட்டிமார் ஆய்வின்றியே அறிந்த செய்தி அது. ஆயின் முகப்பரு உள்ளோர் முகத்தில் எண்ணெய் பூசுதல் தகாது. எண்ணெய் துளைகளை அடைத்துப் பருவை மிகுவிக்கும். அவர்கள் நாளுக்கு இருமுறை மென்மையான சோப்பால் முகம் கழுவுதல் போதும். பருவைக் கிள்ளினால் நெடுநாள் மறையாத வடு எஞ்சும்.

நாளுக்கு ஐந்து வேளை ஒளுச் செய்வோர்க்குத் தூய்மை தானே அமைந்துவிடுகின்றது. அவர்கள் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒளுச் செய்தபின் கால்விரல் இடுக்குகளில் ஈரம் தங்கவிடாமல் துடைத்தல் வேண்டும். ஈரத்துடன் காலுறை அணிந்தால் இடுக்குகளில் பூஞ்சை வளர்ந்து தோல் வெளிறி உரியும். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு அவ்வெடிப்பின் வழியே கிருமி நுழைந்து காலையே பாதிப்பதுண்டு.

வெயிலும் நிழலும்

தோலை முதுமைப்படுத்துவதில் வெயிலுக்கு நிகரான புறப்பொருள் இல்லை. புற ஊதாக் கதிர் உள்தோலின் கொல்லாஜன் நார்களைச் சிதைத்துச் சுருக்கத்தை உண்டாக்குகின்றது. கன்னங்களில் படரும் மங்கு வெயிலால் மிகுகின்றது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரையிலான வெயிலில் குடை பிடிப்பதும், நீண்ட கையுள்ள பருத்தி உடை அணிவதும், நிழலில் நடப்பதும் எளிய காப்புகள். குடை பிடித்து நடக்க ஆடவர் நாணுதல் வேண்டா. வெளியில் நெடுநேரம் நின்று உழைப்போர், விளையாடுவோர் ஆகியோர்க்கு வெயில்தடுப்புக் களிம்பு உதவும். எஸ்பிஎஃப் 30 என்று குறித்த களிம்பு புற ஊதாக் கதிரின் ஒரு வகையை ஏறத்தாழ 97 விழுக்காடு தடுக்கும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அதனை மீண்டும் பூசினால்தான் அப்பயன் நிலைக்கும்.

வெயில் முற்றும் பகையன்று. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி தோலில் வெயில் படுவதனால் உண்டாகின்றது. நாள் முழுதும் வீட்டுக்குள் இருப்போர்க்கும், வெளியே செல்லுங்கால் முழுதும் போர்த்திச் செல்லும் நம் பெண்களுக்கும் இக்குறைபாடு நேர்தல் இயல்பு. வீட்டு மாடியிலோ முற்றத்திலோ கை கால்களில் சிறிது நேரம் வெயில் படுமாறு இருத்தல் நன்று. அதிகாலை இளவெயிலில் இவ்வைட்டமின் மிகக் குறைவாகவே உண்டாகும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரமே அதற்கு ஏற்றது. முகத்திற்கு நிழல், கைகாலுக்குச் சிறிது வெயில் என்று கொண்டால் இரு பயனும் எய்தலாம்.

உணவும் உறக்கமும்

கொல்லாஜன் நார் உருவாக வைட்டமின் சி இன்றியமையாதது. அது கிட்டாத பழங்காலக் கடலோடிகள் ஈறு வீங்கி, தோலில் இரத்தம் கசிந்து, ஆறிய புண்ணும் மீண்டும் பிளந்து மாண்டனர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அந்நோயைப் போக்கிக் காட்டினார். நம் ஊர்க் கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. நாளுக்கு ஒரு கொய்யா உண்டால் அத்தேவை நிறைவேறிவிடும். கல்லூரி வாயிலில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கொய்யா செய்யும் பணியை விலையுயர்ந்த பூச்சு செய்யாது. முருங்கைக்கீரை, பயறு வகைகள், மீன், முட்டை, நிலக்கடலை ஆகியன தோலுக்கு வேண்டிய புரதத்தையும் இரும்பையும் தருகின்றன.

இனிப்பும் மைதாவும் மிகுந்த உணவு முகப்பருவைத் தூண்டுகின்றது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2007இல் ஆஸ்திரேலியாவில் பருவுடைய இளைஞர்க்குச் சர்க்கரையை விரைந்து ஏற்றாத உணவைப் பன்னிரண்டு வாரம் கொடுத்தபோது பருக்கள் குறைந்தன. புரோட்டாவும் குளிர்பானமும் அன்றாட உணவாகிவிட்ட விடுதி மாணவர் இதனை எண்ணிப் பார்க்கலாம். புகைபிடித்தல் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி இளமையிலேயே சுருக்கத்தைக் கொணர்கின்றது. நள்ளிரவு கடந்தும் கைபேசியில் கண்விழிப்பவர், இழந்த உறக்கத்தைக் களிம்பால் ஈடுசெய்ய இயலாது.

அடுக்களையும் அழகும்

இயற்கைப் பொருள் என்றாலே தீங்கற்றது என்று கருதுவாரும் உளர். இதிலும் ஆராய்ச்சி வேண்டும்.

மஞ்சள் நம் மரபின் மதிப்புமிக்க பொருள். அதன் நிறப்பொருளாகிய குர்குமின் 1815இல் பிரித்தெடுக்கப்பட்டது. மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டபோது, அஃது எங்கள் பாட்டி வைத்தியம் என்று இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் சான்றுகளுடன் வாதிட்டது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. மஞ்சளைத் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்வதே நன்று. கடைத்தூளில் தீய நிறமேற்றிகள் கலக்கப்படுவதுண்டு.

பாசிப்பயறு, கஸ்தூரிமஞ்சள், வெட்டிவேர், பூலாங்கிழங்கு முதலியன சேர்த்து அரைக்கும் நலங்குமாவு சோப்பைவிட மென்மையானது. அதிற் சேர்க்கப்படும் கார்போக அரிசியில் சோரலன் என்னும் பொருள் உண்டு. அது வெயில் பட்டால் தோலைக் கருக்கவைக்கும் இயல்புடையது. வெண்புள்ளி நோய்க்கு அதனை மருந்தாக்கியதும் அவ்வியல்பு பற்றியே. ஆகவே நலங்குமாவு தேய்த்தபின் நன்கு கழுவாமல் வெயிலிற் செல்லுதல் கூடாது. எலுமிச்சைச் சாறும் இத்தன்மையதே. முகம் வெளுக்குமென்று அதனைப் பூசிக்கொண்டு வெயிலில் நடந்தால் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகும்.

பெருநாளுக்கும் திருமணத்திற்கும் நம் இல்லங்களில் மருதாணி இன்றியமையாதது. அரைத்த இலையில் உள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் பல மணி நேரம் ஊறிச் செம்பழுப்பு நிறம் தருகின்றது. அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பற்றும் "கருப்பு மருதாணி" மருதாணியே அன்று. தலைமுடிச் சாயத்தில் சேர்க்கப்படும் பிபிடி என்னும் வேதிப்பொருள் அதிற் கலக்கப்படுகின்றது. மணப்பெண்ணின் கையில் கொப்புளம் எழுப்பி நெடுநாள் தழும்பு விட்டுச்செல்ல அது போதும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் பின்னாளில் முடிச்சாயமும் அவர்க்கு ஆகாது. வாசனைப் பொருள்களும் பலர்க்கு ஒவ்வாமை தருவன. அத்தகையோர் அத்தரைத் தோலில் தடவாமல் உடையில் தடவிக்கொள்வது நன்று.

சிவப்பழகு என்னும் மயக்கம்

இந்தியச் சந்தையில் பெயர்பெற்ற சிவப்பழகுக் களிம்பாகிய ஃபேர் அண்டு லவ்லி 1975இல் அறிமுகமாயிற்று. கருநிறமே தோல்விக்குக் காரணம் என்று காட்டும் விளம்பரங்கள் ஒரு தலைமுறைக்கு மேலாக நம்மைச் சூழ்ந்தன. 2009இல் சென்னையில் ஒரு பெண்கள் அமைப்பு "கருமையே அழகு" என்னும் கருத்தை முன்வைத்து இயக்கம் தொடங்கியது. 2014இல் விளம்பரத் தர மன்றம், கருநிறத்தோரை இழிவாகக் காட்டும் விளம்பரங்கள் கூடா என நெறி வகுத்தது. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்து ஃபேர் என்னும் சொல் நீங்கி க்ளோ என்னும் சொல் அமர்ந்தது. பெயர் மாறிற்று, மனம் மாறவேண்டும்.

விளம்பரக் களிம்பைக் காட்டினும் கொடியவை, பெயரும் உட்பொருளும் அச்சிடாத டப்பாக்களில் வருவன. மேல்தோல் ஒருமுறை புதுப்பிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று முன்னர்க் கண்டோம். அவ்வாறாயின் ஏழு நாளில் முகம் வெளுப்பது எங்ஙனம்? இவ்வினாவைக் கேட்டுப் பழகினால் பாதி ஆபத்து நீங்கும். அவ்விரைவுக்குக் காரணமாவன பெரும்பாலும் இரண்டு பொருள்கள்.

ஒன்று ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் முதலிய பெயர்களில் அது வரும். தோல் நோய்க்கு மருத்துவர் அளவறிந்து சில நாள் கொடுக்கும் அருமருந்து அது. அதனையே முகப்பூச்சாகத் திங்கள் கணக்கில் பூசினால் தோல் காகிதம்போல் மெலியும். இரத்த நாளங்கள் வெளித்தெரியும். பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினாலோ முகம் செந்தணலாய் எரியும். அவ்வெரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுவர், இவ்வாறே அடிமையாவர். 2018 மார்ச்சுத் திங்களில் நடுவணரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என ஆணையிட்டது. ஆணை இருந்தும் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் நிலை முற்றும் மாறவில்லை.

நான் நன்கறிந்த குடும்பம் ஒன்றில், கல்லூரியில் பயின்ற மகளுக்குத் திருமணம் உறுதியாயிற்று. உறவினர் ஒருவர் வெளிநாட்டுக் களிம்பு என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார். மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்றாயிற்று, வீட்டார் மகிழ்ந்தனர். களிம்பு தீர்ந்த பத்தாம் நாள் முகம் சிவந்து வீங்கிற்று. மணநாளன்று அப்பெண் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தோல் மருத்துவரிடம் சென்று குணமடைய ஓராண்டுக்குமேல் ஆயிற்று. அவளுடைய இயல்பான மாநிறத்தில் எக்குறையும் முன்னர் இருந்ததில்லை.

மற்றொன்று பாதரசம். மெலனின் உருவாவதை அது தடுக்கின்றது. தோல்வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைச் சென்றடைகின்றது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் கண்ட செய்தி நம் கண்களைத் திறக்கவேண்டும். 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் அங்கு வந்தனர். அவர்களுள் 15 பேர்க்கு அந்நோயின் அரியதொரு வகை காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசிவந்தவர்கள். களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் குணமடைந்தனர் என்பது ஆறுதலான செய்தி. முகத்திற் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கும் என்று யார் எண்ணியிருப்பர்? உட்பொருள் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் ஆகியன இல்லாத எந்தக் களிம்பையும் தொடாதிருப்பதே அறிவு.

படர்தாமரைக்கும் இச்செய்தி பொருந்தும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் வாங்கிப் பூசினால் அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சையோ உள்ளே செழித்துப் பரவும். வழக்கமான மருந்துக்கு அடங்காத புதுவகைப் பூஞ்சையொன்று நம் நாட்டில் பெருகி, 2020இல் இந்தியாவின் பெயரைத் தாங்கித் தனியினமாகவே பதிவாயிற்று. விடுதி மாணவர் துண்டையும் உள்ளாடையையும் பிறருடன் பகிராதிருத்தல், இறுக்கமான செயற்கையிழை உடையைத் தவிர்த்தல், மருத்துவர் சொன்ன நாள் முடியும்வரை மருந்தை நிறுத்தாதிருத்தல் ஆகிய மூன்றும் அந்நோயைத் தடுக்கும் வழிகள்.

தோல் உரைக்கும் செய்திகள்

பசலையைக் கண்டு தோழி தலைவியின் உள்ளத்து நோயை அறிந்தாள். அவ்வாறே மேனியைக் கண்டு உடல்நோயை அறியலாம். கண்ணிமையின் உட்புறம் வெளிறினால் இரத்தச்சோகை இருக்கலாம்; கண்ணும் தோலும் மஞ்சளித்தால் காமாலை இருக்கலாம். கழுத்தின் பின்புறம் தோல் தடித்து வெல்வெட்டுத் துணிபோல் கறுத்தால் அஃது அழுக்கன்று. உடலில் இன்சுலின் சரிவரப் பணியாற்றவில்லை என்பதற்கும் நீரிழிவு நெருங்குகின்றது என்பதற்கும் அது பெரும்பாலும் அறிகுறி. அதனைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை. எடையைக் குறைத்து, இரத்தச் சர்க்கரையை ஆய்ந்து பார்க்கவேண்டும். வெளிறிய தேமலில் தொடுவுணர்வு இல்லையெனில் அரசு மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும். தொழுநோய் இன்று கட்டணமின்றி முற்றும் குணமாக்கப்படும் நோய். மச்சம் ஒன்று உருமாறினாலும், புண் ஆறாதிருந்தாலும் காலம் தாழ்த்துதல் கூடாது.

வெண்புள்ளி உடையோரை "வெண்குஷ்டம்" என்று கூறும் வழக்கு இன்னும் மறையவில்லை. அது குஷ்டமும் அன்று, தொற்றும் அன்று. நிறமிச் செல்களை உடலின் காப்பாற்றலே அழித்துவிடுவதால் நேர்வது. அவரோடு கைகுலுக்கலாம், ஒரே தட்டில் உண்ணலாம், மணவினையும் கொள்ளலாம். தவறான ஒரு சொல் எத்தனை திருமணங்களைத் தடுத்தது, எத்தனை பிள்ளைகளை வகுப்பின் கடைசி வரிசைக்குத் தள்ளியது என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். சொல்லைத் திருத்துவதும் மருத்துவமே.

நிறைவாக

அளவான நீராட்டு, ஈரம் காக்கும் எண்ணெய், உச்சி வெயிலுக்குக் குடை, நாளொரு கொய்யா, போதிய உறக்கம், புகையின்மை, தனக்கெனத் தனித்துண்டு ஆகிய இவ்வேழும் ஏழையும் கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள். இவற்றால் தோல் வெளுக்காது, ஒளிபெறும். அவ்வொளியே இயற்கை அழகு.

மாணவச் செல்வங்கள் தம் நிறத்தைக் குறையாக எண்ணாமல், மாந்தளிரைப் போற்றிய மொழிக்கு உரியவர் என்னும் பெருமிதத்துடன் நிமிர்ந்து நடத்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்தமுறை மணப்பேச்சுக்குச் செல்லும்போது பெண்ணின் கல்வியைக் கேளுங்கள், குணத்தைக் கேளுங்கள், உடல்நலத்தைக் கேளுங்கள். "பெண் நிறமா?" என்னும் வினாவை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அவ்வினா ஓய்ந்த நாளில் அந்தப் பெயரில்லா டப்பாக்களின் வணிகமும் தானே ஓயும்.